ஆலமரத்துப் பை

டீக்கடை வெச்சிருக்கறவனுக்கு ஆரு மேலயும் சந்தேகம் வரக்கூடாதுங்க. வந்துச்சுன்னா டீயோட சேர்ந்து அதுவும் கிளாஸ் கிளாஸா போயிரும். எனக்கு ஒரு புள்ள மேல வந்துச்சு. அதனால ஒரு ஊட்டுல என்ன ஆச்சுங்கறதைத்தான் சொல்லப்போறேன். நடுவுல நான் நல்லவனாட்டப் பேசறேன்னு தோணுச்சுன்னா அங்கயே நிறுத்திச் சொல்லிப்போடுங்க.

எம் பேரு சீனிவாசலு. ஊட்டுல தெலுங்கு பேசற சனம். எங்க சனத்துல மில்லு வெச்சவங்க உண்டு, மோட்டார் கம்பெனி வெச்சவங்க உண்டு. நான் அந்த மில்லு கேட்டுல டீ ஆத்துனவன். போத்தனூர் ஜங்ஷன்ல இருந்து எங்க மில்லுக்குன்னு ஒரு கூட்ஸ் லைன் பிரிஞ்சு வரும். நொச்சிக்குளத்தை நடுவால வகுந்துட்டு வருமுங்க. ரெண்டு பக்கமும் தண்ணி, கோரை, ஆகாயத்தாமரை. நடுவுல மேடு, மேட்டு மேல தண்டவாளம். பஞ்சுப் பொதி ஏத்திட்டு வண்டி வந்தா குளத்து நாமக்கோழி பூராவும் ஒண்ணா எந்திரிக்கும். அப்பறம் மில்லை மூடுனாங்க, வண்டி நின்னுது, தண்டவாளத்தைப் பேத்து எடுத்துட்டுப் போனாங்க. சிலிப்பர் கட்டையை ஆளாளுக்குத் தூக்கிட்டுப் போயி மாட்டுச் சாளைக்குக் கால் நட்டுட்டாங்க. பதினஞ்சு வருஷம் அந்த மேட்டுல வேலிக்கருவையும் பாம்பும்தான்.

மூணு வருஷத்துக்கு முன்னால அதே மேட்டை நெரவி, கல்லுப் பதிச்சு, கம்பி வேலி போட்டு, சைக்கிளுக்கு ஒரு பக்கம் நடக்கறவங்களுக்கு ஒரு பக்கம்னு கோடு கிழிச்சு நடைபாதை ஆக்கிப்போட்டாங்க. ரெண்டரை கிலோமீட்டர். காலையில அஞ்சரைக்குக் கேட்டைத் தொறப்பாங்க. கேட்டுக்கு வெளிய என்ற கடை. நடந்துட்டு வாரவங்கள்ல பாதிப்பேரு சக்கரை வேண்டாம்பாங்க, மீதிப்பேரு அவங்களே பிளாஸ்குல என்னமோ பச்சையாக் கொண்டாந்து குடிப்பாங்க. அவங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

பாதை வந்ததுமே சந்தேகமும் கூடவே வந்துருச்சுங்க. நடக்க வாரவங்களுக்கு மேட்டுக்குக் கீழ குடியிருக்கறவங்க மேல சந்தேகம், வண்டியில இருந்து பெட்ரோலை எடுத்துருவாங்களோன்னு. கீழ இருக்கறவங்களுக்கு மேல நடக்கறவங்க மேல சந்தேகம், இன்னைக்கு வேலி போட்டவங்க நாளைக்கு ஊட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்களோன்னு. பீளமேட்டுல இருந்து ரீல்ஸ் எடுக்க வார காலேஜ் பசங்க மேல எல்லாருக்கும் சந்தேகம். கம்பத்துக்குக் கம்பம் கேமரா மாட்டியிருக்காங்க. அதுல எத்தனை ஓடுதுன்னு எனக்குச் சந்தேகம்.

இந்தப் பாதைக்குப் பகல் வாட்ச்மேன் வேலுமணி. அம்பத்திநாலு வயசு. மில்லுல லோடு எறக்குனவரு, முட்டி போயிருச்சு, அப்பறம் கட்டட வேலை, அப்பறம் சும்மா. காண்ட்ராக்ட் கம்பெனியில இந்த வேலை கெடைச்ச அன்னைக்குப் பேரு போட்ட சட்டையோட என்ற கடை முன்னால வந்து நின்னாரு. "சீனண்ணா, நம்மளைப் பேரு சொல்லிக் கூப்புடறாங்கங்க"ன்னாரு. அதுக்கு முன்னால அவரை ஆரும் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்லையான்னு கேட்டேன். "இருக்குதுங்க, ஆனா மரியாதையா இல்லீங்க"ன்னாரு. அந்த மனுசனுக்கு அந்தச் சட்டைதான் உசுரு. தொவைச்சுக் காயப் போட்டா பக்கத்துலயே உக்காந்துக்குவாரு.

அவரு சம்சாரம் பாவாத்தாள். விடியறதுக்கு முன்னால குளத்துக்குள்ள எறங்குனா எட்டு மணிக்கு ஒரு புல்லுக்கட்டோட ஏறி வரும். இடுப்பு வரைக்கும் சேறு, கையில கோரை கிழிச்ச கீறலு. அந்தப் புல்லு செவலைங்கற பசுமாட்டுக்கு. அந்தப் பாலுதான் என்ற கடைக்கு. இதுல ஒரு வில்லங்கம் இருந்துச்சுங்க. பாதையில சாணி கெடக்குதுன்னு நடக்கறவங்க புகார் குடுத்து, வேலை பாக்கறவங்க ஊட்டுல மாடு கன்னு இருக்கக் கூடாது, இருந்தா வேலை இல்லைன்னு காண்ட்ராக்ட்காரங்க எழுதி வாங்கிட்டாங்க. வேலுமணியும் இல்லைன்னு கையெழுத்துப் போட்டுட்டாரு. செவலையைச் சாளைக்குப் பொறத்தாண்ட வாழைமறைவுல கட்டி வெச்சிருந்தாங்க. எனக்குத் தெரியும். பாலு வாங்கறவன் எதுக்கு வாயைத் தொறக்கறேன்.

இவங்களுக்கு ஒரே பொண்ணு, சண்முகப்ரியா. பி.எஸ்சி படிச்சுப்போட்டுப் பீளமேட்டுல ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில சேந்துச்சு, அங்கயே ஹாஸ்டல்ல தங்கிச்சு. அது வேலைக்குச் சேந்தப்ப ஒரு நீலத் துணிப்பை குடுத்தாங்களாமா, வெள்ளை எழுத்துல கம்பெனி பேரு போட்டு. வேலுமணி அந்தப் பைக்குள்ள ஒண்ணுமே இல்லாம என்ற கடைக்கு எடுத்துட்டு வந்து, பெஞ்சுல வெச்சு, நாலு பேரு கேக்கற வரைக்கும் உக்காந்திருந்தாரு. நடக்க வாரவங்ககிட்ட எல்லாம் எம் பொண்ணு பீளமேட்டுல கம்பெனியில இருக்குதுங்கன்னு சொல்லுவாரு. சொல்லட்டும், பெத்தவனுக்கு ஆசை இருக்காதா.

போன ஐப்பசியில, நல்ல மழை நேரத்துல, அந்தப் புள்ள ஒரு பொட்டியும் ரெண்டு பையுமா ஆட்டோவுல வந்து எறங்குச்சு. வேலுமணியைக் கேட்டதுக்கு ஊட்டுல இருந்தே வேலைங்கன்னாரு. ஊட்டுல இருந்து வேலைன்னா லேப்டாப் வேணுமில்லீங்களா. எறங்குனப்ப லேப்டாப்பைக் காணமே. ஒரு வாரம் போச்சு, ரெண்டு வாரம் போச்சு, புள்ள வெளிய தலை காட்டலை. வந்தாலும் ஷாலை இழுத்து முன்னால போத்திக்கிட்டுத்தான் வருது. மொகம் வீங்குனாப்புல இருந்துச்சு. நான் என்ன பண்ணேன்? கை விரலை மடக்கி மாசக் கணக்குப் போட்டேன். எனக்கும் ரெண்டு பொண்ணுங்க, கட்டிக் குடுத்தாச்சு. இருந்தும் போட்டேன். பன்னு வாங்க வார பொம்பளைங்க ரெண்டு பேருகிட்ட, பொண்ணு வந்திருக்குது, எதுக்குன்னு தெரியலைன்னு மட்டும் சொன்னேன். அவ்வளவு சொன்னா மிச்சத்தை அவங்களே சொல்லிக்குவாங்க.

வெசாழக்கெழமை அது. குளத்து மேல மஞ்சு எறங்கி அக்கட்டக் கரை தெரியலை. நான் அடுப்புப் பத்த வெக்கறப்ப பாவாத்தாள் வந்து ஒரு சொம்பை நீட்டுச்சு. உள்ள சீம்பாலு, வெல்லம் போட்டு ஏலக்காய் தட்டிப் போட்டுக் காச்சுனது. செவலை ராத்திரி கெடேரிக் கன்னு போட்டிருக்குது, வெளிய சொல்லிப்போடாதீங்கன்னு சொல்லிப்போட்டு, அருவாளை எடுத்துக்கிட்டு நேரா குளத்துக்குள்ள எறங்கிருச்சு. நான் சீம்பாலை வழிச்சு வழிச்சுத் தின்னேன். அப்படி ஒரு ருசி.

ஆறரை மணி இருக்குமுங்க. வெங்கடலட்சுமி அம்மான்னு ஒருத்தங்க, பழைய மில்லு முதலாளி குடும்பம், வெள்ளை நாய் ஒண்ணைப் புடிச்சுட்டுத் தினமும் நடப்பாங்க. பாதை நடுவுல தண்ணி போறதுக்குப் பழைய மோரிப் பாலம் இருக்குது, பாலத்துக்கிட்ட ஒரு ஆலமரம். பாதை போடறப்ப மரமெல்லாம் வெட்டியும் அதை மட்டும் அழகுக்குன்னு உட்டுட்டாங்க. அந்த மரத்தடியில போயி நாய் நகரமாட்டேங்குதாமா, அண்ணாந்து பாத்துக் குலைக்குதாமா. அவங்களும் அண்ணாந்து பாத்திருக்காங்க. தண்ணிப் பக்கமா நீண்ட கொப்புல, உசரத்துல, ஒரு துணிப்பை தொங்குது. அடிப்பக்கம் ரத்தம் ஊறிச் சொட்டுது. காக்கா சுத்திட்டு இருக்குது.

போட்டோ எடுத்து நடக்கறவங்க குரூப்புல போட்டாங்க. அஞ்சு நிமிசத்துல ஆரோ அது கொழந்தைதான்னு எழுதிட்டாங்க. பத்து நிமிசத்துல பச்சைக் கொழந்தைன்னு ஆயிருச்சு. எனக்குச் சேதி வந்ததும் கெட்டிலை நெரப்பிக் கிளாஸைக் கூடையில அடுக்கிட்டு அங்க நடந்தேன். கூட்டம் கூடுனா டீ ஓடுமில்லீங்களா. அப்படிப்பட்டவன்தான் நான்.

போயிப் பாத்தா ஐம்பது பேரு. நல்லாப் படிச்சவங்க, வெள்ளை ஷூ போட்டவங்க. ஒருத்தரும் கிட்டப் போகலை, ஒருத்தரும் ஊட்டுக்கும் போகலை. வேலுமணி மரத்தை ஒட்டி நிக்கறாரு. வெங்கடலட்சுமி அம்மா அவரைப் புடிச்சுக்கிட்டாங்க, நீங்கதான வாட்ச்மேன், கேட்டைத் தொறக்கறதுக்கு முன்னால ஆரு உள்ள வந்தது, இது என்னன்னு. அவரு பையை ஒருதரம் பாத்தாரு. மொகம் சாம்பலாட்ட ஆயிருச்சு. "தெரியாதுங்கம்மா"ன்னாரு.

எனக்கு அந்த மொகத்தைப் பாத்ததும் சந்தேகம் கெட்டியாயிருச்சு. பையை அப்பத்தான் நல்லாப் பாத்தேன். நீலப் பை. மடிப்புக்குள்ள இருந்து வெள்ளை எழுத்து பாதி தெரியுது. என்ற பெஞ்சுல வெச்சிருந்த அதே பை.

போலீஸ் வந்துது. ஹெட் கான்ஸ்டபிள் கிருபான்னு ஒரு அம்மாவும், வண்டி ஓட்டற பையனும். ஆரும் தொடக்கூடாது, ஏணி வரட்டும், ஸ்டேஷன்ல இருந்து பெரியவரு வரட்டும்னு சொல்லிட்டு, பையைப் பாத்து, இந்தப் பை ஆருதுன்னு ஆருக்காச்சும் தெரியுமான்னு பொதுவாக் கேட்டாங்க. ஐம்பது பேரும் கம்முனு இருந்தாங்க. நானும் இருந்திருக்கலாம்.

கிட்டப் போயி மெதுவாத்தான் சொன்னேன். நம்ம வேலுமணி பொண்ணு பையாட்ட இருக்குதுங்கம்மா, அது ஊருக்கு வந்து இருபது நாளாச்சு, எதுக்கு வந்துச்சுன்னு தெரியலைன்னேன். வாயில இன்னும் ஏலக்காய் வாசம் போகலை. சீம்பாலைத் தின்னவனுக்கு, ராத்திரி மாடு கன்னு போட்டிருக்குதே, மரத்துல தொங்கறது என்னவா இருக்கும்னு ரோசனை போகோணுமில்லீங்களா? போகலையே. கொங்கு நாட்டுல பொறந்து வளந்தவன் நான். மாடு கன்னு போட்டா நஞ்சுக்கொடியை வைக்கோல்ல சுத்தி, பொதிஞ்சு, பாலு வடியற மரத்துல, நாய்க்கு எட்டாத உசரத்துல, ஆரும் பாக்கறதுக்கு முன்னால கட்டோணும். நாய் தின்னுட்டா மாட்டுக்குப் பாலு வத்திரும்னு எங்க ஊட்டுலயே சொல்லுவாங்க. எனக்குத் தெரியாததில்லை. அந்தப் புள்ள மேல போட்டு வெச்ச கணக்கு கண்ணை மறைச்சிருச்சு.

கிருபா அம்மா வண்டிக்காரப் பையனை அனுப்பிப் புள்ளையைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. வந்துச்சு. நைட்டி மேல ஷால் போத்திட்டு, செருப்புக்கூட இல்லாம, அந்தக் கல்லு மேல நடந்து வந்துச்சு. மரத்தை அண்ணாந்து பாத்துச்சு, பையைப் பாத்துச்சு, அப்பனைப் பாத்துச்சு. அப்பன் தரையைப் பாத்துட்டு இருந்தாரு.

"பை உன்னுதாம்மா?"

"என்னுதானுங்க. வேண்டாம்னு மூலையில போட்டுட்டேன்."

"கல்யாணம் ஆயிருச்சா?"

"இல்லீங்க."

"எதுக்கு ஊருக்கு வந்தே?"

மறுக்காக் கேட்டாங்க. புள்ள அப்பனையேதான் பாத்துட்டு இருந்துச்சு.

"ஷாலை எடு."

எடுத்துச்சுங்க. எடுத்து மடிச்சுக் கையில வெச்சுக்கிச்சு. ஐம்பது பேரு கண்ணும் ஒரே எடத்துக்குப் போச்சு. எங்கண்ணும்தான். ரெண்டு மூணு பேரு போனைத் தூக்கிப் புடிச்சிருந்தாங்க. எவ்வளவு நேரம்னு எனக்குச் சொல்லத் தெரியலை. ஒரு வார்த்தை போதுமுங்க. மாடுங்கன்னு ஒரு வார்த்தை. வேலுமணி சட்டை மேல இருந்த பேட்ஜைப் புடிச்சுக்கிட்டு நிக்கறாரு.

கீழ கோரைக்குள்ள சலசலன்னு சத்தம் கேட்டுச்சு. ஆரோ அந்தப் பக்கம் போயி பாவாத்தாகிட்டச் சொல்லியிருக்காங்க. தலையில புல்லுக்கட்டோட மேட்டுல ஏறி, கம்பி வேலியில சேலை மாட்டிக் கிழிய, கிழிச்சுட்டு வந்துச்சு. புல்லுக்கட்டை அந்தச் சுத்தமான பாதையில டப்புன்னு போட்டுச்சு. போலீஸையும் பாக்கலை, புருசனையும் பாக்கலை. மகளுக்கு முன்னால போயி மறைச்சாப்புல நின்னுச்சு.

"அது எங்க செவலையோட நஞ்சுக்கொடிங்க. நான்தானுங்க கட்டுனேன். சாக்கு ஈரமா இருந்துச்சு, இந்தப் பை கையில சிக்குச்சு. எங்களுக்கு மாடு இருக்குதுங்க. ஒரு மாடு. இப்ப ஒரு கன்னு. வந்து பாத்துக்குங்க."

போனைத் தூக்கிப் புடிச்சவங்க கையை எறக்குனாங்க. அப்பறம் ஏணி வந்துச்சு, பை எறங்குச்சு. பிரிச்சா வைக்கோலு, அதுக்குள்ள கொடி. கிருபா அம்மாவும் கிராமத்துல பொறந்தவங்கதான் போல, பாத்ததுமே தலையில கையை வெச்சுக்கிட்டாங்க. மொதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதான்னு வேலுமணியைப் பாத்து ஒரு சத்தம் போட்டாங்க. புள்ளகிட்டத் தப்பா எடுத்துக்காத கண்ணு, என்ற சோலி அப்படின்னாங்க. குரூப்புல சிரிக்கற பொம்மையா வந்து உளுந்துச்சு. வெங்கடலட்சுமி அம்மா இந்தப் பழக்கம் எனக்கு மறந்தே போச்சு, எங்க பழைய தோட்டத்துலயும் இப்படித்தான் கட்டுவாங்கன்னு பக்கத்துல இருந்தவங்களுக்கு வெளக்கிச் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க.

காண்ட்ராக்ட் கம்பெனி சூப்பர்வைசர் பிரவின்குமார் எட்டு மணிக்கு பைக்குல வந்தாரு. சின்னப் பையன், அன்னூர்ப் பக்கம். வேலுமணி சட்டையைக் கழட்டிக் குடுக்கறதுக்குப் பொத்தானையே அவுக்க ஆரம்பிச்சுட்டாரு. அந்தப் பையன் சிரிச்சுட்டாரு. "ஏனுங்க, எங்கூட்டுலயே நாலு உருப்படி மாடு இருக்குதுங்க. பாதையில சாணி உளுகாமப் பாத்துக்குங்க. அந்தக் காகிதமெல்லாம் பேருக்குத்தானுங்க"ன்னுட்டு டீ குடிச்சுட்டுப் போயிட்டாரு. அவ்வளவுதானுங்க. அந்த வேலை போகவே இல்லை. இன்னைக்கு வரைக்கும் இருக்குது.

கூட்டம் கலைஞ்சப்பறம் மூணு பேரும் புல்லுக்கட்டோட என்ற கடைப் பெஞ்சுல வந்து உக்காந்தாங்க. ஊட்டுக்குப் போறதுக்கு அவங்களுக்குக் காலு வரலைன்னு நெனைக்கறேன். பாவாத்தாளுக்குக் கொடியைப் பிரிச்சுப் போட்டாங்களே, மாடு கறக்குமோ கறக்காதோன்னு வெசனம். வேற ஒரு சாக்குல பொதிஞ்சு மறுபடி கட்டோணும்னு திரும்பத் திரும்ப அதையே சொல்லிட்டு இருந்துச்சு. புருசனைப் பாத்து ஒரு வார்த்தை கேக்கலை. நான் மூணு டீ போட்டு வெச்சேன். ஆரும் தொடலை.

வேலுமணிதான் ஆரம்பிச்சாரு. சட்டைப் பொத்தானை இன்னும் பூட்டலை.

"வேலை போயிருமேன்னு பயந்துட்டேன் அம்மணி."

"தெரியுங்கப்பா. கொப்புல பையைப் பாத்ததுமே எனக்குப் புரிஞ்சுது. உங்க வேலை போயிரும்னுதான் நானும் வாயைத் தொறக்கலை. நீங்க சொல்லுவீங்கன்னு நின்னேன்."

"சொல்லோணும்னுதான் கண்ணு… வாய்க்கு வரலை."

"எனக்கு வேலை போயி ரெண்டு மாசம் ஆச்சுங்கப்பா."

அவரு தலையைத் தூக்குனாரு.

"நாப்பது பேரை ஒரே நாள்ல நிறுத்திட்டாங்க. ஹாஸ்டல்லயே இருந்து வேற வேலை தேடுனேன், கெடைக்கலை. நீங்க ஊரு பூரா சொல்லி வெச்சிருக்கீங்களே, எந்த மொகத்தை வெச்சுக்கிட்டுச் சொல்றதுன்னு கூசிக்கிட்டு ஊட்டுக்குள்ளயே கெடந்தேன். வேலை போச்சுன்னா என்னங்கப்பா? நான் செத்தா போயிட்டேன்? சோறுதான தின்னுட்டு இருக்கேன். நீங்க அதுக்குப் பயந்து என்னை ஷாலை எடுத்துட்டு அங்க நிக்க உட்டுட்டீங்க."

சத்தம் போட்டுச் சொல்லலைங்க. அழுகவும் இல்லை. அதைச் சொல்லிப்போட்டு எந்திரிச்சு அம்மாளோட புல்லுக்கட்டைத் தூக்கித் தலையில வெச்சுக்கிட்டு மேட்டுல எறங்கிப் போயிருச்சு. பாவாத்தாள் பின்னாலயே போச்சு. வேலுமணி பதினோரு மணி வரைக்கும் அந்த பெஞ்சுல உக்காந்திருந்தாரு. அவரைப் பாக்கப் பாக்க எனக்கு ஆத்திரமா வந்துச்சு. பெத்த புள்ளையை அப்படி நிக்க உட்டுட்டு ஒரு மனுசன் வாயை மூடிட்டு இருப்பானான்னு கடைக்கு வந்த நாலு பேருகிட்ட நல்லாத் திட்டித் தீத்தேன். எனக்கு அது சொகமா இருந்துச்சு.

பத்தாம் நாளு விடியக்காலம் பாலு கொண்டாந்தது பாவாத்தாள் இல்லை, அந்தப் புள்ள. ஷால் போடலை. கேனை எறக்கி வெச்சு, அளந்து ஊத்திட்டு, போகாம நின்னுச்சு. உக்கடத்துல ஒரு துணிக்கடையில பில் போடற வேலை இருக்குதாமா, கேட்டிருக்கேன்னு சொல்லுச்சு. நல்லது கண்ணுன்னேன். அப்பவும் போகலை.

"ஏனுங்ண்ணா, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு அம்மணி."

"அது என்ற பைன்னு அந்தப் போலீஸ் அக்காகிட்ட ஆருங்க சொன்னது?"

அடுப்புல பாலு பொங்கறாப்புல இருந்துச்சு. நான் அதைப் பாத்துக்கிட்டேதான் சொன்னேன். "அந்த நாய் புடிச்சுட்டு வார அம்மாதான் கண்ணு. அவங்கதான் மொதல்ல பாத்தாங்க, அவங்கதான் சொன்னாங்க."

புள்ள காலிக் கேனை எடுத்துக் கையில புடிச்சுக்கிச்சு.

"அவங்க என்ற பையை எங்கீங்ண்ணா பாத்தாங்க?"

நான் தீயைக் கொறைச்சேன். கரண்டியை எடுத்தேன். பாலைக் கலக்கிட்டே இருந்தேன். புள்ள பதிலுக்காக நின்னுட்டே இருந்துச்சு.